ஞாயிற்றுக்கிழமை உதையும் திங்கட்கிழமை முட்டியும்

"வலிக்குதா?"

"இல்லீங்க."

"இப்போ?"

"இல்லீங்க."

"இப்போ?"

மூன்றாவது தடவை நான் பதில் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் வேறு சத்தம் வந்துவிடும் என்று பயமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் ரெக்சின் போட்ட உயரமான கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தேன். டேவிட் அம்மா ஒரு கையை என் வலது முட்டிக்கு மேலேயும் இன்னொரு கையைக் கணுக்காலிலும் வைத்து மெல்ல மடக்கிக்கொண்டிருந்தார். என் நெற்றி வியர்வை காதுக்குள் இறங்கியது. ரெக்சின் முதுகோடு ஒட்டிக்கொண்டது.

டேவிட் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துவிட்டார்.

"இன்னாப்பா மாணிக்கம், வாய்ல கொழுக்கட்டையா? வலிக்குதான்னு மரியாதைக்கா கேக்குறேன்? நீ சொன்னாத்தான் நான் எங்க நிக்கணும்னு எனக்குத் தெரியும். நீ இல்ல இல்லன்னா நான் மடக்கிக்கிட்டே போவேன். அப்புறம் பட்டுன்னு ஒரு சத்தம் வரும். அது உன் வாய்லேர்ந்து வராது."

"சரிங்க" என்றேன்.

"வலிச்சுதா?"

"கொஞ்சம்."

"அது பதிலு."

போன வாரம், நான் சைக்கிளோடு விழுந்து, கட்டுப் போட்டுப் பிரித்து, மசாஜுக்குச் சீட்டு வாங்கிய இடத்தில் நிறுத்தியிருந்தேன். படிக்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெங்களூர் அல்சூர் மார்க்கெட் ஓரத்தில் ஒரு ஜட்கா குதிரை எதற்கோ மிரண்டது. குதிரைக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு முட்டிச் சில்லில் விரிசல் விட்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்தபோது உள்ளே இருந்தது என் கால்தானா என்று சந்தேகமாக இருந்தது. மெலிந்து, வெளுத்து, தோல் உரிந்து, ஈரச் சுண்ணாம்பு வாசனையோடு இருந்தது. மடங்க மறுத்தது. பெரிய டாக்டர் தட்டிப் பார்த்துவிட்டு, "எலும்பு சேர்ந்துடுச்சு. இனிமே மசாஜ் டிபார்ட்மென்ட்" என்று சீட்டு எழுதினார்.

இதைப் படித்த வாசகர்கள் சிலர், அங்கே என்ன செய்வார்கள், போகலாமா என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது ஒரு முட்டியின் கதைதான். அதைச் சொல்கிறேன்.

மீட்டரும் ஜன்னலும்

அதற்கு முன், அந்த முட்டி எனக்கு ஏன் அவ்வளவு அவசியமாக இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

நான் மின்சார மீட்டர் படிக்கும் வேலையில் இருந்தேன். பேச்சு வராத ஒருவனுக்கு அதைவிட நல்ல வேலை கிடையாது. சைக்கிளில் போக வேண்டும். கதவைத் தட்டி "மீட்டர்" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மீட்டர் பேசாது. அது காட்டுகிற எண்ணை எழுதிக்கொண்டு வந்துவிடலாம். ஒரு தெருவுக்கு நாற்பது வீடு என்றால் நாற்பது வார்த்தை. சில வீடுகளில் கதவு திறந்தே இருக்கும். அந்த வார்த்தையும் மிச்சம்.

எங்கள் சூப்பர்வைசர் கஜபதி சார், அல்சூரிலேயே எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தார். மூன்று தலைமுறையாக மைசூர் சர்க்கார் உத்தியோகம் பார்த்த குடும்பம். கட்டுப் பிரித்ததும் என்னைக் கூப்பிட்டனுப்பிச் சொன்னார்:

"ரெண்டு மாசம் டைம் தர்றேன். அதுக்கப்புறம் ஒரு திங்கட்கிழமை வந்து ஆபீஸ் முத்தத்தில சைக்கிள் விட்டுக் காட்டணும். பெடல் சுத்துச்சுன்னா உன் லைன் உனக்கு. சுத்தலைன்னா கம்ப்ளைன்ட் கவுன்டர்ல உட்காரு. பேஜார் பண்ணிக்காதே, ஃபேன் இருக்கு."

கம்ப்ளைன்ட் கவுன்டர் என்பது கம்பிவலை போட்ட ஒரு ஜன்னல். கீழே அரைவட்டமாக ஒரு ஓட்டை. கரண்ட் இல்லாதவர்கள் அந்த ஓட்டைக்குக் குனிந்து தமிழில், கன்னடத்தில், தக்கனி உருதுவில், இங்கிலீஷில் கத்துவார்கள். உள்ளே இருப்பவர் பதில் சொல்ல வேண்டும். அதுவரை அங்கே இருந்தவருக்குக் குரல் போய்விட்டிருந்தது. அவரை ஸ்டோருக்கு மாற்றியிருந்தார்கள்.

ஃபேன் இருந்தது உண்மைதான்.

முதல் நாள் ஒன்றும் செய்யமாட்டார்கள்

போனதும் பிடித்து இழுப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன். டேவிட் அம்மா முதல் நாள் என் முட்டியை மடக்கவே இல்லை. கேள்விதான் கேட்டார். எப்படி விழுந்தாய், படி ஏறும்போது வலியா இறங்கும்போதா, காலையில் இறுக்கமா சாயங்காலம் இறுக்கமா, என்ன வேலை, வீட்டில் குந்தி உட்காரும் கக்கூஸா, இப்படி. ஒரு மீட்டர் ரீடருக்கு மூன்று மாதத்துக்குப் போதுமான பேச்சு அது.

பிறகு இரண்டு கால்களையும் தொட்டுப் பார்த்தார். நல்ல காலை எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. "உன் கால் எப்பிடி இருக்கணும்னு உன் காலுதானே சொல்லணும்" என்றார். இரண்டு மரப்பட்டைகளை ஒரு திருகாணியில் கோத்ததுபோல ஒரு அளவுகோல் வைத்திருந்தார். அதை முட்டியின் ஓரம் வைத்து மடக்கி, எண்ணைப் படித்து அட்டையில் எழுதினார். முப்பத்தைந்து டிகிரி.

"சைக்கிள் பெடலு மேல வர்றப்போ நூத்திப்பத்து டிகிரியாவது வேணும்" என்றார்.

எண்ணைப் படித்து எழுதிக்கொண்டு போகும் வேலை எனக்குப் பழக்கம்தான். என்னை ஒருவர் அப்படிப் படித்தது அதுதான் முதல் தடவை.

டேவிட் அம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். யுத்தத்தின்போது மிலிட்டரி ஆஸ்பத்திரியில் வேலை கற்றவர். கட்டை விரல்கள் இரண்டும் ஸ்பூன் மாதிரி பின்னால் வளைந்திருக்கும். எண்ணெய் தொடமாட்டார், எண்ணெயில் விரல் வழுக்கினால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாதாம். முகப்பவுடர்தான். முதலில் தொடையை வெறுமனே பிசைவார். பிறகு முட்டிச் சில்லை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும், இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று நகர்த்துவார். சோடா மூடியை மேஜைமேல் தள்ளுவது மாதிரி இருக்கும். அதற்கப்புறம்தான் மடக்குவது.

வலியில் இரண்டு வகை உண்டு என்று அவரிடம்தான் கற்றேன். இழுக்கிற வலி இருக்கலாம். துணியைப் பிழிகிற மாதிரி, விட்டால் போய்விடும். குத்துகிற வலி கூடாது. உடனே சொல்ல வேண்டும். ராத்திரி வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலையிலும் வலி இருந்து, முட்டி சூடாகி வீங்கியிருந்தால் முந்தின நாள் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். இதைச் சொல்லாமல் மறைக்கிற நோயாளியால் அவருக்கு ஒரு பிரயோஜனமும் கிடையாது.

"நான் வாரத்துக்கு மூணு தடவை அரை மணி நேரம். மிச்ச நேரமெல்லாம் கால் உன்கிட்டத்தான் இருக்கு" என்று வீட்டுக்கும் வேலை கொடுத்து அனுப்பினார். தரையில் உட்கார்ந்து குதிகாலை இழுத்து இழுத்து மடக்க வேண்டும். காலையில் இருபது, மாலையில் இருபது. நான் முப்பது செய்தேன்.

காலால் பிறந்தது

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இதுவரை எழுதாமல் தள்ளிப்போட்டு வந்தேன்.

நான் பிறக்கும்போது தலைக்குப் பதிலாகக் கால் முதலில் வந்தது. அப்படிப் பிறந்தவன் உதைத்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அம்மா இந்தச் செய்தியை எனக்கு ஏழெட்டு வயதாகும்போது குழாயடியில் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டார். மறு ஞாயிற்றுக்கிழமையே வாசலில் ஆள் நின்றது.

எங்கள் தெருவின் சட்டம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை காலை, உதைக்கிறவன் வெறும் வயிற்றில் இருக்க வேண்டும். வந்தவர் சுவரைப் பிடித்துக் குனிந்து நிற்பார். பின்னாலிருந்து மூன்று உதை. இடையில் பேச்சு கிடையாது. அந்தக் கடைசி விதிக்காகத்தான் நான் இதற்கு ஒத்துக்கொண்டேன் என்று நினைக்கிறேன்.

எந்தக் கால் முதலில் வந்தது என்று அம்மாவுக்கே நினைவில்லை. ஆனால் வலது கால் என்று தெரு தீர்மானித்துவிட்டது. என்னைவிட முப்பது வயது மூத்தவர்களை, தலைப்பாகை கட்டிய பெரிய மனிதர்களை, வாத்தியாரை, ஒரு தடவை கோயில் தர்மகர்த்தாவை, வலது காலால் உதைத்திருக்கிறேன். மெதுவாக உதைத்தால், "என்னப்பா தடவிக் குடுக்குறே?" என்று கோபித்துக்கொள்வார்கள். உதைத்ததும் நான் அவர்கள் காலைத் தொட்டுக் கும்பிடுவேன். அது விதியில் இல்லை. நானாகச் சேர்த்துக்கொண்டது.

நான் விழுந்து மாவுக்கட்டோடு கிடந்த ஆறு வாரம், தெருவில் யாருக்கும் பிடிப்பு வந்ததாகத் தெரியவில்லை. கட்டுப் பிரித்த செய்தி பரவியதும் எல்லோருக்கும் வந்துவிட்டது.

முதலில் வந்தவர் கொத்தனார் அந்தோணி மேஸ்திரி.

"கட்டுப் பிரிச்சாச்சாமே! ஆறு வாரம் ரெஸ்ட் எடுத்த காலு, பவர் ஜாஸ்தி இருக்கும். ஜல்தி ஒதை நைனா, பத்து மணிக்கு சென்ட்ரிங் வேலை இருக்கு."

முடியாது என்று எப்படிச் சொல்வது? இடது காலால் உதைக்கலாமே என்று தோன்றியது. அதற்கு வலது காலில் நிற்க வேண்டும். அது இன்னும் மோசம். அந்தோணி மேஸ்திரி சுவரைப் பிடித்துக் குனிந்து காத்துக்கொண்டிருந்தார். உதைத்தேன்.

எண்பதும் அறுபத்தெட்டும்

மூன்று வாரம் போயிற்று. ஒரு திங்கட்கிழமை டேவிட் அம்மா என் முட்டியைத் தொட்டதும் புருவத்தைச் சுருக்கினார். அளவுகோலை வைத்தார். எடுத்துவிட்டு மறுபடி வைத்தார்.

"சனிக்கிழமை எண்பது. இன்னிக்கு அறுபத்தெட்டு. போன வாரமும் இதே கதை. அதுக்கு முந்தின வாரமும் இதே கதை. சூடு வேற இருக்கு." கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "சனிக்கிழமை நான்தான் ஜாஸ்தி அமுக்கிடுறேனோ என்னவோ."

நான் கூரையைப் பார்த்தேன்.

"எங்கயாவது எண்ணெய் போட்டு நீவுற ஆளுகிட்டப் போறியா?"

"இல்லீங்க."

"இதபாரு மாணிக்கம். பெரிய டாக்டர் வெள்ளிக்கிழமை கார்டு பாப்பாரு. முன்னேத்தம் இல்லன்னா பேரை அடிச்சுட்டு அடுத்த ஆளைப் போடுவாரு. வராண்டாவுல பதினோரு பேரு உக்காந்திருக்காங்க. நான் என்ன தப்புப் பண்றேன்னாவது சொல்லு."

அவர் தன் கட்டை விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்க்க முடியாமல்தான் சொன்னேன். கூரையைப் பார்த்தபடியே, காலால் பிறந்தது முதல் அந்தோணி மேஸ்திரி வரை சொன்னேன். அந்த ஹாலில் ஆறு கட்டில்கள் இருந்தன. நான் ஆரம்பிக்கும்போது ஒரே பேச்சுச் சத்தமாக இருந்தது. முடிக்கும்போது எல்லோரும் நான் சொல்வதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

டேவிட் அம்மா சிரிக்கவில்லை.

"நேத்து எத்தனை பேரு?"

"நாலு பேருங்க."

"ஆளுக்கு எத்தனை?"

"மூணுங்க."

"பன்னெண்டு ஒதை." அட்டையை எடுத்து இங்கிலீஷில் எழுதினார். வெள்ளிக்கிழமை அதைப் படித்த பெரிய டாக்டர், கண்ணாடிக்கு மேலாக என்னை நெடுநேரம் பார்த்தார். பெயரை அடிக்கவில்லை.

"ஒதைச்சா அவங்களுக்குச் சரியாவுதா?" என்று எழுதிக்கொண்டே கேட்டார் டேவிட் அம்மா.

"தெரியலீங்க. யாரும் மறுபடி வர்றதில்லீங்க."

"சரியாப் போய் வர்றதில்லையா, பயந்துபோய் வர்றதில்லையா?"



அடுத்த கட்டிலில் ஒரு பஸ் டிரைவர், இடுப்பில் மணல் மூட்டையோடு குப்புறக் கிடந்தார். தலையை மட்டும் தூக்கி, "தம்பி, அல்சூர்ல எந்தத் தெரு?" என்றார்.

"படு அப்பிடியே!" என்றார் டேவிட் அம்மா. "இந்த ரூம்ல என்னைத் தவிர யாரும் யாரையும் தொடக் கூடாது. மாணிக்கம், இனிமே யாராவது வந்தா முடியாதுன்னு சொல்லணும். சொல்லு பாப்போம்."

"முடியாதுங்க."

"எனக்கே கேக்கல. டிரைவருக்குக் கேக்கணும்."

"முடியாதுங்க!"

"கேட்டுச்சு" என்றார் டிரைவர் வருத்தமாக.

"குதிகால் இழுக்கிறது இருபது. இது பத்து. காலையில, சாயங்காலம்" என்றார் டேவிட் அம்மா.

சுவரோடு பேச்சு

அப்படியே செய்தேன். காலையில் இருபது தடவை குதிகாலை இழுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் பத்துத் தடவை "முடியாதுங்க" என்றேன். அம்மா இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் காபி டம்ளரோடு வந்து நின்று, "யார் என்ன கேட்டாங்க உன்னை?" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேர் வந்தார்கள். "முடியாதுங்க" என்றேன். முதல் இரண்டு பேர் நான் சொன்னது கேட்காதவர்கள்போலச் சுவரைப் பிடித்துக் குனிந்தார்கள். நான் உதைக்கவில்லை. கொஞ்ச நேரம் குனிந்திருந்துவிட்டு நிமிர்ந்து போனார்கள். மூன்றாவது ஆள், "காலுக்குக் கர்வம் வந்துடுச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை முட்டி சூடாக இல்லை. எண்பத்திரண்டு. டேவிட் அம்மா எண்ணைச் சத்தமாகப் படித்தார்.

அதற்குப் பிறகு வாரத்துக்கு நான்கு டிகிரி, ஐந்து டிகிரி, ஒரு வாரம் எட்டு டிகிரி. ஒரு வாரம் ஒன்றுமே இல்லை. அப்படியும் வரும், கவலைப்படக் கூடாது என்றார். தொண்ணூறு வந்தபோது நாற்காலியில் மனிதர் மாதிரி உட்கார்ந்தேன். நூறு வந்தபோது படியில் கால் மாற்றி ஏறினேன். வாயும் கொஞ்சம் பழகியிருந்தது. "இது இழுக்குற வலி", "இது குத்துதுங்க, நிறுத்துங்க" என்று தரம் பிரித்துச் சொன்னேன். பரீட்சைக்கு முந்தின சனிக்கிழமை அளவுகோல் நூற்றுப்பத்தைத் தொட்டது.

"நாளைக்கு முட்டிய ஒண்ணும் பண்ணாதே" என்றார் டேவிட் அம்மா.

கஜபதி சார் வந்தார்

மறுநாள் காலை எட்டு மணிக்கு வாசலில் ஜட்கா வந்து நின்றது. கஜபதி சார் இறங்கினார். இறங்கினார் என்பது சரியில்லை. முதலில் மப்ளர் சுற்றிய தலை வந்தது, அப்புறம் முதுகு வந்தது, முதுகு நிமிரவே இல்லை. அப்படியே குனிந்தபடி எங்கள் வீட்டுக்குள் நடந்து வந்தார்.

"நேத்து ஃபைல் கட்டைத் தூக்கினேன்பா. இடுப்பில பட்டுன்னுச்சு. ராத்திரி பூரா தூக்கமில்லை. பெரிய மனசு பண்ணு." எந்தச் சுவர் என்று கேட்காமலே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

அம்மா சமையலறை வாசலில் நின்று என்னைப் பார்த்தார். நான் அந்த முதுகைப் பார்த்தேன். மறுநாள் என் சைக்கிளைப் பார்க்கப்போகிற சூப்பர்வைசரின் முதுகு அது.

"முடியாதுங்க சார்" என்றேன்.

தலை மட்டும் திரும்பியது. "ஏன்?"

"கால் இன்னும் முழுசா ஆகலீங்க சார்."

"அப்பிடியா? ஒரு ஒதை ஒதைக்க முடியாத காலு, நாளைக்கு எப்பிடிப்பா சைக்கிள் மிதிக்கும்?"

இதற்கு நான் பயிற்சி எடுத்திருக்கவில்லை. உதைத்தால் நாளைக்கு முட்டி வீங்கும், பெடல் சுற்றாது. உதைக்காவிட்டால் இந்தக் கால் உதவாது என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி. இரண்டு வழியும் அந்தக் கம்பிவலை ஜன்னலுக்குத்தான் போயின.

வேறு வழியில்லாமல் பேசினேன்.

"சார், மிதிக்கிறது வேற, உதைக்கிறது வேற. மிதிக்கும்போது முட்டி தானா மடங்கி, தானா நீளுது. உதைக்கும்போது உங்க முதுகு நிக்குது; அதிர்ச்சி முழுக்கத் திரும்பி என் முட்டிக்குள்ள வருது. உள்ள நீர் கோக்கும். நாளைக்குப் பன்னெண்டு டிகிரி குறையும். மூணு வாரம் அளந்து பார்த்திருக்காங்க சார். உங்களுக்கும் இது வேண்டாம். பட்டுன்னு சத்தம் கேட்டுச்சுன்னு சொல்றீங்க. உள்ள எது விட்டிருக்குன்னு தெரியாம மேல அடி விழக் கூடாது. வலி இடுப்போட நிக்குதா, கீழ காலுக்கு இறங்குதா? இறங்குனா இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும். இல்லன்னா ஒருக்களிச்சுப் படுங்க, முட்டிக்கு நடுவுல தலகாணி வைங்க, வெந்நீர் ஒத்தடம் குடுங்க. நாளைக்கு மசாஜ் டிபார்ட்மென்ட்ல டேவிட் அம்மான்னு கேளுங்க. அவங்க கேக்குறதுக்கெல்லாம் உண்மையைச் சொல்லுங்க."

மூச்சு வாங்கியது. அதுவரை என் வாழ்க்கையில் நான் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியதில்லை. அம்மா பாலை அடுப்பில் விட்டுவிட்டு வந்திருந்தார். அது பொங்கிக் கருகிய வாசனை வந்தது.

கஜபதி சார் சுவரை விட்டார்.

"காலுக்கு இறங்கலை" என்றார். மப்ளரைச் சரிசெய்துகொண்டு, "ஒருக்களிச்சா? எந்தப் பக்கம்?" என்றார்.

சொன்னேன். ஜட்காவில் அப்படியே ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு போனார்.

ஆபீஸ் முற்றம்

திங்கட்கிழமை காலை முற்றத்தில் பாதி ஆபீஸ் நின்றது. கஜபதி சார் சட்டைக்கு மேல் அகலமான பெல்ட் ஒன்றை இறுக்கிக்கொண்டு தூணில் சாய்ந்திருந்தார். முகம் முந்தின நாளைவிடத் தெளிவாக இருந்தது.

வலது பெடல் மேலே வரும்போது முட்டியில் இழுத்தது. இழுக்கிற வலிதான். விடாமல் மிதித்தேன். பெடல் உச்சியில் ஒரு கணம் நின்றது. பிறகு அந்தப் பக்கம் இறங்கியது. முற்றத்தை மூன்று சுற்றுச் சுற்றினேன். யாரோ கை தட்டினார்கள். டேவிட் அம்மா அங்கே இல்லையே என்று தோன்றியது.

சைக்கிளை நிறுத்திவிட்டு, கஜபதி சார் முன்னால் போய் நின்றேன்.

"நல்லாச் சுத்துது" என்றார். "டேவிட் அம்மா கெட்டிக்காரிதான். மத்தியானம் நானும் போறேன். நீ நாளையிலேருந்து கம்ப்ளைன்ட் கவுன்டர்."

எனக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். "சார், பெடல் சுத்துச்சுங்களே?"

"அதான் பார்த்தேனே. நேத்து உங்க வீட்டுக்கு வலியில துடிச்சுக்கிட்டு வந்தேன். நீ முடியாதுன்னே. ஆனா எனக்குக் கோபம் வரலை பாரு. ஏன் முடியாதுன்னு சொன்னே, என்ன பண்ணணும்னு சொன்னே, எங்க போகணும்னு சொன்னே. கரண்ட் இல்லைன்னு வர்றவனுக்கு வேற என்னப்பா வேணும்? உன்னைப் போய் சும்மா மீட்டர் படிக்க அனுப்பிட்டிருந்தேன் இத்தனை நாளா."

"சரிங்க சார்" என்றேன்.

கவுன்டரில் பதினோரு வருஷம் இருந்தேன். டேவிட் அம்மா கடைசியாக அளந்தபோது நூற்றிருபத்தெட்டு டிகிரி. முட்டி அதற்குப் பிறகு ஒரு தொந்தரவும் கொடுக்கவில்லை. மேஜைக்கு அடியில் கால் வைக்க இடம் குறைவுதான். ஆனால் நன்றாக மடங்கியதால், உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு மிகவும் வசதியாக இருந்தது.